கடல் கடந்த நீலம்

நிறங்களுள்ளே நீலம் ஒரு வியப்புடையது. வானம் முழுவதும் நீலம்; ஆழ்கடல் முழுவதும் நீலம். ஆயினும், கண்ணாற் கண்டு மகிழும் அந்நிறத்தைக் கையால் அள்ளி ஒரு சுவரிலே பூசுவோம் எனப் புகின், அதற்கேற்ற மண் எளிதில் அகப்படுவதில்லை. செம்மண் எங்கும் உண்டு. மஞ்சட்காவி பல இடங்களில் உண்டு. கரியும் சுண்ணாம்பும் வீடுதோறும் உண்டு. ஆதிகால மனிதர் மலைக்குகைகளிலே தீட்டிய சித்திரங்கள் பெரும்பாலும் செம்மை, மஞ்சள், கருமை, வெண்மை என்னும் நிறங்களால் அமைந்தமைக்குக் காரணம் இதுவேயாம். நீலம் கண்ணுக்கு எட்டியது, கைக்கு எட்டாதது.

நம் வீடுகளிலே வெள்ளை வேட்டியைக் கடைசித் தண்ணீரில் அலசும்போது சிறிது கரைத்துக்கொள்ளும் நீலப்பொடியை மாணாக்கர் அறிவர். சுவருக்கு வெள்ளையடிக்குங்கால் சுண்ணாம்பிற் கலப்பதும் அதுவே. சில சதங்களுக்கு விற்ற அப்பொடியை ஒருவரும் பொருளாக மதித்ததில்லை. கிணற்றடியிற் சிந்தினால் வருந்தியதுமில்லை. அதே நிறப்பொருள் ஒரு காலத்திலே தன் எடையிற் பாதி எடைப் பொன்னுக்கு விலையாயிற்று என்றால், நம்புவார் யார்? ஆயினும் அது மெய்யேயாம். அவ்விலை ஏன் ஏறிற்று, ஏன் இறங்கிற்று, இறங்கியபோது அந்நிறத்தின் பெருமையும் உடன் இறங்கிற்றா என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வாம்.

1. பெயர்

நீலம் என்னுஞ் சொல் நம்மிடையே பல பொருள்களுக்கு வழங்குகின்றது. அவுரிச் செடியிலிருந்து எடுக்குஞ் சாயமும் நீலம். இலங்கை மண்ணிற் கிடைக்கும் நீலமணியும் நீலம். வேட்டி வெளுக்கும் பொடியும் நீலம். இம்மூன்றும் வெவ்வேறு பொருள்கள். சாயமாவது நூலினுள்ளே ஊறிப் பற்றுவது. நிறப்பொடியாவது கரையாது நின்று, எண்ணெய், பசை முதலியவற்றோடு குழைத்துப் பூசப்படுவது. நீலமணியோ ஒளி ஊடுருவும் கல். அதனை நுண்பொடியாக அரைப்பின் நிறம் வெளுத்துப்போம்.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது, மேனாட்டார் அல்ட்ராமரீன் என வழங்கும் நிறப்பொடியையாம். இலத்தீன் மொழியில் அப்பெயருக்குக் கடலுக்கு அப்பாலுள்ளது என்பது பொருள். அது கடலின் நிறத்தால் வந்த பெயரன்று; கீழ்த்திசையிலிருந்து கடல் கடந்து இத்தாலி தேசத்துத் துறைமுகங்களுக்கு வந்தமையால் வந்த காரணப்பெயர் என்க.

இப்பொடிக்கு மூலமாகிய கல்லை வடநூலார் இராசாவர்த்தம் என்பர். பாரசீகர் லாஜவர்த் என்பர். ஐரோப்பிய மொழிகளில் வானநீலத்தைக் குறிக்கும் அசூர் என்னுஞ் சொல், அப்பாரசீகச் சொல்லின் முதலெழுத்து அருகிப் பிறந்ததேயாம். பழைய கிரேக்கர் சப்பைரோஸ் என்று கூறியதும் இக்கல்லையே. அதன்கண் பொற்புள்ளிகள் விண்மீன்கள்போல விளங்கும் என அவர் எழுதியிருத்தலால் இஃது அறியப்படும். அப்பெயர் பிற்காலத்திலே இக்கல்லை விட்டு நீங்கி, இலங்கை பேர்பெற்று விளங்குகின்ற நீலமணிக்கு உரியதாயிற்று.

2. கல்லும் சுரங்கமும்

இராசாவர்த்தக்கல் உலகில் மிகச் சில இடங்களிலேயே கிடைப்பது. பழங்காலத்தார் பெற்ற கல்லிற் பெரும்பகுதி ஆப்கானித்தானத்தின் வடகீழ்க்கோடியிலுள்ள பதக்சான் நாட்டிலே, கொக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, சரிசங் என்னும் இடத்துச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கே ஏறக்குறைய 6000 ஆண்டுகளாக இக்கல் வெட்டப்பட்டு வருகின்றது என்பர். சுமேரியரது ஊர் என்னும் பெயர்கொண்ட நகரத்து அரச கல்லறைகளிலே, கி. மு. 2500-ஐ அடுத்த காலத்து அணிகளில் இக்கல் இழைக்கப்பட்டிருக்கின்றது. கி. மு. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்து தேசத்தை ஆண்ட துத்தன்காமன் என்னும் இளம் அரசனது பொன் முகக்கவசத்திலே கண்களைச் சூழ்ந்த நீலக்கோடும் இக்கல்லே. வண்டிப்பாதை இல்லாத மலைகளையும் பாலைவனங்களையும் கடந்து, ஆயிரக்கணக்கான மைல் தூரம் ஒரு கல் சென்றது எனின், அந்நிறத்தின்மேல் மனிதர் கொண்ட ஆசையின் அளவு விளங்கும்.

13-ஆம் நூற்றாண்டிலே மார்க்கோ போலோ என்னும் வெனீசு நகரத்து யாத்திரிகர் இந்நாட்டு நீலக்கல் மலையைத் தம் நூலிற் குறித்தார். 1838-ஆம் ஆண்டளவில் அங்குச் சென்ற ஜோன் வூட் என்னும் பிரித்தானியர், கல் வெட்டுவார் செய்தொழிலை எழுதிவைத்தார். பாறையின் அடியிலே நெருப்பு மூட்டிக் காய்ச்சி, பின்பு சம்மட்டியால் அடித்துப் பெயர்த்து, புகை மண்டிய குகையினுள்ளே நீலத்தைத் தேடி எடுத்தல் அவர் தொழில். ஒப்பற்ற ஓவியங்களின் முன்னே நின்று நீலத்தை வியப்பவர், அந்நீலத்தின் முதற் கை இக்குகைத் தொழிலாளர் கை என்பதை மறத்தலாகாது.

அக்கல்லின் துன்பமும் பழங்கதையன்று. 2016-ஆம் ஆண்டிலே குளோபல் விற்னஸ் என்னும் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அச்சுரங்கங்களின் வருவாய் அந்நாட்டு மக்களைச் சேராது, ஆயுதந்தாங்கிய கூட்டத்தாருக்கும் அவருள் தலிபான்களுக்கும் சென்றமையை எடுத்துக்காட்டிற்று. விலையுயர்ந்த பொருள் கிடைக்கும் மலை, அம்மலையில் வாழ்வார்க்கு எப்போதும் நன்மையே தரும் என எண்ணற்க.

3. கல்லிலிருந்து நிறம் எடுத்தல்

இராசாவர்த்தக்கல்லை அரைத்தால் நீலப்பொடி கிடைத்துவிடும் என மாணாக்கர் கருதலாம். அற்றன்று. அக்கல்லிலே நீலப்பகுதியோடு வெண்சுண்ணக்கல்லும், பொன்போல் மின்னும் இரும்புக்கந்தகக்கல்லும் கலந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து அரைப்பின், மங்கிய சாம்பனிறமே மிகும். ஆகவே நீலத்தைப் பிரித்தெடுத்தல் வேண்டும்.

அம்முறையை 1400-ஆம் ஆண்டளவிலே சென்னினோ சென்னினி என்னும் இத்தாலிய ஓவியர் தமது நூலிலே விரித்துரைத்தார். கல்லை நுண்பொடியாக்கி, மரப்பிசின், மெழுகு முதலியவற்றை உருக்கிச் சேர்த்து, மாவைப்போலப் பிசைந்து சில நாள் வைத்தல் வேண்டும். பின்பு அவ்வுருண்டையைச் சாம்பற்காரநீரில் அமிழ்த்திக் கோல்களால் மெல்லப் பிசைந்தால், நீலத்துகள்மட்டும் நீருட் பிரிந்து அடியில் வண்டலாகத் தங்கும். அழுக்குகள் பிசினிலேயே ஒட்டிக்கொள்ளும். முதன்முறை வடிவது மிக ஆழ்ந்த நீலம். அடுத்தடுத்து வடிவன நிறங் குறைந்தன. ஈற்றில் எஞ்சுவது நீலச்சாம்பல் எனப்படும். பெருங்கல்லிலிருந்து சிறுபொடியே கிடைக்கும். கல்லின் அருமை ஒன்று, வழியின் தூரம் ஒன்று, உழைப்பின் அளவு ஒன்று ஆக மூன்றும் சேர்ந்து விலையாயின.

4. விலையும் வணக்கமும்

இவ்வளவு விலையுடைய பொருளை ஓவியர் தம் விருப்பப்படி வாங்குதல் அரிது. ஆதலினாலே, ஓவியம் எழுதுவிப்பவரே நீலத்தைக் குறித்து உடன்படிக்கை செய்துகொள்வர். 1485-ஆம் ஆண்டிலே புளோரன்சு நகரத்திலே, கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணும் இல்லம் ஒன்று, தன் ஆலயத்துப் பலிபீடத்துக்கு ஓர் ஓவியம் எழுதும்படி கிர்லாந்தாயோ என்னும் ஓவியரோடு உடன்படிக்கை எழுதிற்று. அதிலே, நீலமாவது ஓர் அவுன்சு நான்கு புளோரின் விலையுள்ள அல்ட்ராமரீனாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி காணப்படுகின்றது. புளோரின் என்பது ஏறக்குறைய மூன்றரைக் கிராம் எடையுள்ள பசும்பொன் நாணயம். ஆகவே நான்கு புளோரின் 14 கிராம் பொன்னாம்; ஓர் அவுன்சு ஏறக்குறைய 28 கிராம். நிறப்பொடி தன் எடையிற் பாதி எடைப் பொன்னுக்கு விலையாயிற்று என முன்னர்க் கூறியது இக்கணக்குப்பற்றியேயாம்.

கிறிஸ்தவ ஓவியர் தேவமாதாவின் மேலாடைக்கு இந்நீலத்தையே சிறப்பாக வழங்கினர். அருமையான பொருளை வணக்கத்துக்குரியாருக்கு ஆக்குதல் எந்நாட்டாருக்கும் இயல்பு. அதற்கு முன்னரே, 6-ஆம் 7-ஆம் நூற்றாண்டுகளில், சுரங்கம் இருந்த ஆப்கானித்தானத்திலேயே பாமியான் மலைக்குகைகளில் வாழ்ந்த பௌத்தத் துறவியரும் தம் குகைச் சித்திரங்களுக்கு இந்நிறத்தைக் கொண்டனர். சமயம் வேறாயினும், நிறம் ஒன்று.

இந்நீலத்தின்மேல் பற்றுக்கொண்டு பொருளிழந்தார் ஒருவரையும் ஈண்டுக் கூறுதல் தகும். ஒல்லாந்து தேசத்து வெர்மீர் என்னும் ஓவியர், 17-ஆம் நூற்றாண்டிலே, நீல உடைக்கு மாத்திரமன்றிச் செவ்வாடையின் நிழலுக்கு அடியிற் பூசும் பூச்சிலும் அல்ட்ராமரீனை வழங்கினார். அது பார்ப்பவர் கண்ணுக்கு நீலமாகத் தோன்றாது. ஆயினும் மேலுள்ள நிறத்துக்குக் குளிர்ச்சியும் ஆழமும் தரும். அவர் 1675-ஆம் ஆண்டிலே கடனோடு இறந்தார். மனைவியும் பதினொரு பிள்ளைகளும் எஞ்சினர். ரொட்டிக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய கடனுக்காக அவர் மனைவி இரண்டு ஓவியங்களைக் கொடுக்கவேண்டியதாயிற்று. கடனுக்குக் காரணம் நீலம் ஒன்றே எனல் பொருந்தாது. 1672-ஆம் ஆண்டில் மூண்ட போரினால் ஓவியம் வாங்குவார் அற்றுப்போயினர். ஆயினும், ஒருவரும் காணாத இடத்திலும் குறைந்த பொருளை வையாத அவ்வுள்ளம் நினைக்கத்தக்கது.

5. பல்லிலே தங்கிய நீலம்

2019-ஆம் ஆண்டிலே விஞ்ஞானிகள் ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். ஜெர்மனியிலே டால்ஹைம் என்னும் இடத்தில் முற்காலத்தில் இருந்த கன்னியர் மடத்து இடுகாட்டிலே, ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்குமுன் இறந்த ஒரு பெண்ணின் எலும்பு கிடைத்தது. இறக்கும்போது வயது 45-க்கும் 60-க்கும் இடைப்பட்டது. பற்களிற் படிந்து கல்லாகிய அழுக்கைக் கரைத்து நுண்பெருக்குக் கண்ணாடியாற் பார்த்தபோது, அதனுள்ளே நீலத்துகள்கள் விளங்கின. ஆராய, அவை இராசாவர்த்தக்கல்லின் அல்ட்ராமரீன் என்பது துணியப்பட்டது.

ஒரு மடத்துப் பெண் வாயினுள் பதக்சானத்து நீலம் புகுந்தது எங்ஙனம்? நூல்களை எழுதி வண்ணந்தீட்டுவார், தூரிகையின் முனையைக் கூர்மையாக்குதற்கு உதட்டில் வைத்து ஈரப்படுத்துதல் வழக்கம். பன்னாள் அவ்வாறு செய்தமையால், துகள் சிறிது சிறிதாகப் பல்லிற் படிந்தது என்பதே ஆராய்ச்சியாளர் மிகப் பொருந்தியதாகக் கொண்ட விடை. அக்காலத்திலே விலையுயர்ந்த சுவடிகளை வண்ணந்தீட்டியவர் ஆண் துறவியரே எனப் பலரும் கருதியிருந்தனர். அவள் பெயர் எந்நூலிலும் இல்லை, அவள் தீட்டிய ஏடும் எஞ்சியதாகத் தெரியவில்லை, அம்மடமும் தீக்கிரையாயிற்று. அவள் கல்வியுடையவள், கைத்திறன் வாய்ந்தவள், மிக அரிய நிறத்தை நம்பிக் கொடுக்கத்தக்கவள் என்பதற்குச் சான்றாக நின்றது அவள் பல்லிலே தங்கிய நீலமே. பெண்கல்வி பண்டு இருந்ததில்லை எனச் சொல்லுவார் இச்செய்தியை ஊன்றி நோக்குக.

6. நீலம் எளிதானமை

1787-ஆம் ஆண்டிலே கோதே என்னும் ஜெர்மானியப் புலவர் சிசிலித்தீவிலே யாத்திரை செய்தபோது, சுண்ணாம்புக் காளவாய்களின் உட்சுவரிலே நீலநிறக் கட்டிகள் படிந்திருத்தலைக் கண்டார். அங்குள்ளார் அவற்றை இராசாவர்த்தக்கல்லுக்குப் பதிலாக அலங்கார வேலைக்கு வழங்கினர். மலையிலே பிறக்கும் நீலம் காளவாயிலும் பிறக்கும் என்பதற்கு இது முதற் குறிப்பாயிற்று.

1806-ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து இரசாயன நூலார் கல்லைப் பகுத்து, அதன்கண் உள்ள மூலங்களைக் கண்டனர். 1824-ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்துத் தொழில் ஊக்கச் சங்கம், கிலோ ஒன்றுக்கு 300 பிராங்குக்கு மேற்படாத செலவில் அல்ட்ராமரீனைச் செயற்கையாகச் செய்வாருக்கு 6000 பிராங்கு பரிசு தருவதாக அறிவித்தது. ஜான் பத்தீஸ்து கிமே என்பவர் அதனை 1826-ஆம் ஆண்டிலேயே செய்து கண்டதாகக் கூறி, 1828-ஆம் ஆண்டிலே பரிசு பெற்றார். செய்ம்முறையை வெளியிடாது மறைத்துவைத்தார். அதே 1828-ஆம் ஆண்டிலே, ஜெர்மனியின் தூபிங்கன் நகரத்துப் பேராசிரியர் கிமெலின் தாம் கண்ட முறையை எல்லாரும் அறிய அச்சிட்டார். கண்டறிந்ததை ஒருவர் காத்தார், ஒருவர் பகிர்ந்தார். பகிர்ந்தமையால் ஜெர்மனியிலே நீல ஆலைகள் பல தோன்றின.

செய்முறை யாதெனின், வெண்களிமண், சோடாக்காரம், கந்தகம், கரி என்னும் எளிய பொருள்களைக் கலந்து, உலையிலே காற்றுப் புகாது பன்னேரம் சுட்டு, பின்பு காற்றுப் படச் சிறிது சுடுதலாம். முதலிற் பச்சை தோன்றும். பின் நீலம் தோன்றும்.

இவற்றுள் ஒன்றேனும் நீலமன்றே, நீலம் எங்கிருந்து வந்தது எனின், கூறுதும். அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன் என்பன பின்னிய நுண்ணிய கூடுகளுள்ளே, கந்தக அணுக்கள் மும்மூன்றாகக் கூடி அடைபட்டிருக்கின்றன. தனித்த கந்தகம் மஞ்சணிறமுடையது. இங்ஙனம் மூன்றாகக் கூடி ஓர் இலத்திரனை மிகையாகப் பெற்று அடைபட்ட கந்தகமோ, ஒளியிலுள்ள மஞ்சளையும் செம்மஞ்சளையும் விழுங்கி நீலத்தை விடுகின்றது. கூடு உள்ளவரை நிறம் உண்டு. அமிலத்தை ஊற்றினால் கூடு சிதையும், கந்தகம் அழுகிய முட்டை நாற்றத்தோடு வெளியேறும், நீலம் வெளுக்கும். காரத்துக்கோ அக்கூடு அஞ்சாது. சுண்ணாம்பிற் கலந்தும் நிறங்கெடாது நிற்பது இதனாலேயாம்.

கல்லிற் பிறந்த நீலத்துக்கும் உலையிற் பிறந்த நீலத்துக்கும் இக்கூட்டமைப்பிலே வேறுபாடில்லை. நுண்பெருக்குக் கண்ணாடியில் முன்னையது கோணல்மாணலான பெருந்துகளாகவும், பின்னையது ஒரே அளவான சிறு உருண்டைத் துகளாகவும் தோன்றும், வேற்றுமை அவ்வளவே.

நீலம் எளிதாகவே, அரண்மனையும் ஆலயமும் விட்டுக் கிணற்றடிக்கு வந்தது. நாட்பட்ட வெள்ளைத்துணி மஞ்சள் பற்றும். நீலம் மஞ்சளுக்கு மறுதலை நிறமாதலின், சிறிது நீலம் படிந்த துணி கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும். இத்தொழிற்கு உதவும் நீலக்கட்டிகளை இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிற் கம்பனியார் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உலகெங்கும் விற்றனர். நம் நாட்டிலே வேட்டி வெளுத்த நீலமும் அவ்வினத்ததே. இக்காலத்துச் சொட்டுநீலங்கள் பல வேறு சாயத்தாலானவை என்பதும் அறிக.

ஈண்டு நமக்கு உரிய ஒரு செய்தி உண்டு. நீல ஆலை கண்ட கிமேயின் மைந்தர் எமீல் கிமே என்பவர், தந்தையின் ஆலையைப் பெற்று நடத்தியவர். அவர் கீழைத்தேசத்துச் சமயங்களிலே பெருவிருப்புடையராய், 1876-ஆம் ஆண்டிலே புறப்பட்டு யப்பான், சீனம், இந்தியா என்னும் தேசங்களுக்குச் சென்று, நூல்களையும் திருவுருவங்களையும் சேகரித்தார். அவற்றை வைத்தற்கு 1879-ஆம் ஆண்டிலே லியோன் நகரத்திலும், 1889-ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்திலும் அருங்காட்சியகம் அமைத்தார். அவர் பெயரால் விளங்கும் பாரிசு நகரத்துக் காட்சியகத்திலே, தமிழ்நாட்டுச் சோழர் காலத்துச் செப்புத்திருமேனியாகிய நடராசப்பெருமான் திருவுருவம் ஒன்றும் இருக்கின்றது. வெள்ளைத்துணிக்கு வெண்மை தந்த பொடியின் ஊதியம், கூத்தப்பெருமான் திருவுருவம் தங்கும் மண்டபமாயிற்று. எளிய பொருள்களின் போக்கை யார் முன்னறிவார்!

7. நீலத்தின் இனங்கள்

மனிதர் நீலத்தைத் தேடிய வழி இஃதொன்றேயன்று. இராசாவர்த்தக்கல் எல்லார்க்கும் கிடையாமையால், எகிப்தியர் 4000 ஆண்டுகளுக்கும் முன்னரே மணல், சுண்ணம், செம்புக்கல் என்பவற்றைக் காரத்தோடு சேர்த்துச் சுட்டு ஒரு நீலங் கண்டனர். மனிதர் செய்த முதற் செயற்கை நிறப்பொடி அதுவே என்பர். சீனர் 14-ஆம் நூற்றாண்டிலே, பாரசீக தேசத்திலிருந்து பெற்ற கோபால்ற்றுக் கல்லினால் வெண்களிமண் பாண்டங்களிலே நீலச்சித்திரம் தீட்டினர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பெர்லின் நகரத்திற் செம்பூச்சுச் செய்ய முயன்ற ஒருவருக்கு இரும்பினாலாகிய கருநீலம் தற்செயலாகக் கிடைத்தது. 1831-ஆம் ஆண்டளவில் யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் பேரலைச் சித்திரத்தை அச்சிட்டது அந்நீலத்தாலேயாம். 1802-ஆம் ஆண்டிலே தெனார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கோபால்ற்று நீலப்பொடியைச் செய்தார். ரெனுவார் என்னும் ஓவியர் 1881-ஆம் ஆண்டளவிலே தொடங்கிய குடைகள் என்னும் சித்திரத்தின் ஒரு பாதியைக் கோபால்ற்று நீலத்தாலும், சில ஆண்டு கழித்து மறுபாதியைச் செயற்கை அல்ட்ராமரீனாலும் எழுதினார்.

மொறோக்கோவின் மராக்கேசு நகரத்திலே மஜொரெல் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1937-ஆம் ஆண்டிலே தம் சோலையிலுள்ள கட்டடத்துக்குப் பூசிய ஒளிமிக்க நீலம், அவர் பெயராலேயே வழங்குகின்றது. 2009-ஆம் ஆண்டிலே, சென்னையிற் பிறந்து அங்கே கல்வி கற்ற மாஸ் சுப்பிரமணியன் என்னும் பேராசிரியர், அமெரிக்காவின் ஒரிகன் மாகாணப் பல்கலைக்கழகத்திலே, வேறொரு பொருளை நாடிச் செய்த சோதனையிலே இற்றியம், இந்தியம், மங்கனீசு என்னும் மூலங்களாலாகிய புதிய நீலத்தைக் கண்டார். உலையினின்று எடுத்தபோது கருமைக்குப் பதிலாகத் தூய நீலம் விளங்கிற்று. அதன்கண் உள்ள இந்தியம் அருமையுடைய உலோகமாதலால், அந்நீலம் மீண்டும் விலையுயர்ந்ததாயிற்று.

8. ஒரே நீலம், பல விலை

இனி, அல்ட்ராமரீனின் கதையில் ஈற்றுப் பகுதியைக் கூறுதும். இவ் கிளைன் என்னும் பிரெஞ்சு ஓவியர், எண்ணெயிற் குழைத்தவுடன் அல்ட்ராமரீன் தன் ஒளி மங்குதலைக் கண்டு வருந்தினார். பாரிசு நகரத்து நிறவியாபாரி ஒருவர் துணையோடு, துகளின் ஒளியைக் கெடுக்காத ஒரு செயற்கைப் பசையைத் தேர்ந்தார். 1960-ஆம் ஆண்டிலே அம்முறையைத் தம் பெயராற் பதிவு செய்தார். அதற்குமுன், 1957-ஆம் ஆண்டிலே மிலான் நகரத்திலே, உருவம் யாதுமின்றி நீலமே பூசிய 11 பலகைகளை வைத்தார். அளவும் நிறமும் ஒன்றாயிருந்தும், அவற்றுக்கு வெவ்வேறு விலை இருந்தது என்றும், வாங்கினார் ஒவ்வொருவரும் தாம் கொண்டதிலே தனிச்சிறப்புக் கண்டனர் என்றும் அவரே பின்னாளிற் கூறினார்.

1993-ஆம் ஆண்டிலே டெரெக் ஜார்மன் என்னும் ஆங்கிலேயர், நோயினாற் கண்ணொளி இழந்துவருங் காலத்திலே ஒரு திரைப்படஞ் செய்தார். தொடக்கமுதல் முடிவுவரை, ஒரு மணிநேரத்துக்கு மேலாக, திரையிலே கிளைனின் நீலமன்றி வேறு காட்சியில்லை. குரலும் இசையும் மாத்திரம் கேட்கும். காண்டற்கு ஒன்றுமில்லாதவன் கண்ட நிறமாக அந்நீலம் நின்றது. அடுத்த ஆண்டிலே அவர் இறந்தார்.

9. முடிபு

விலை குறைந்தபோது நீலத்தின் பெருமையும் குறைந்தது, ஆதலால் விலையே பெருமை எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. என்னை? விலை என்பது கிடைத்தற்கருமை, வழித்தூரம், பிறர் விருப்பம் என்பவற்றால் ஏறியிறங்குவது. கந்தகம் அடைபட்ட அந்நுண்கூடோ கிர்லாந்தாயோவின் பலிபீடத்திலும், டால்ஹைம் பெண்ணின் பல்லிலும், வெர்மீரின் செவ்வாடைக்கு அடியிலும், நம் கிணற்றடி வாளியிலும் ஒன்றே. நிறம் மாறிற்றில்லை, அதனை நோக்கிய நம் கண்ணே மாறிற்று. அரிதாயிருந்தபோது வணங்கினோம், எளிதானபோது காணாது விட்டோம்.

நீலத்துக்கு நேர்ந்தது நீலத்துக்கு மாத்திரம் நேர்வதன்று. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்திலே ஓர் ஏட்டுக்காகப் பல காதம் நடந்தனர். அச்சினால் நூல் மலிந்தபின் வீட்டிலுள்ள நூலையும் திறவாதிருக்கின்றோம். தண்ணீர், காற்று, தாய்மொழி, மூத்தோர் சொல் ஆகிய இவையெல்லாம் விலையின்றிக் கிடைத்தலால் மதிப்பின்றிப் போகின்றன. ஒரு பொருளை மதித்தற்கு அஃது அரிதாகும்வரை காத்திருத்தல் அறிவுடைமையாகாது.

ஆதலால் மாணாக்கரே, வெள்ளையடித்த சுவரிலே மெல்லிய நீலச்சாயலைக் காணுங்கால், பதக்சான மலையிற் புகைமண்டிய குகையையும், தூரிகையை உதட்டில் வைத்த பெயரறியாப் பெண்ணையும், கண்டதை மறையாது அச்சிட்ட பேராசிரியரையும் சிறிது நினைக்க. அங்ஙனம் நினைத்துப் பார்க்கும் கண்ணுக்கு எளிய பொருள் என ஒன்றில்லை.

தேர்வு வினாக்கள்

1. அல்ட்ராமரீன் என்னும் பெயர் எதனால் வந்தது?
2. இராசாவர்த்தக்கல்லை அரைத்தமாத்திரத்தில் நல்ல நீலம் கிடையாமைக்குக் காரணம் யாது?
3. டால்ஹைம் பெண் வண்ணந்தீட்டுபவள் என்பது எதனால் அறியப்பட்டது?
4. கிமே, கிமெலின் என்னும் இருவர் செயலுக்கும் உள்ள வேறுபாடு யாது? அவற்றுள் உலகுக்கு மிகப் பயன்பட்டது எது? ஏன்?
5. நீலப்பொடி சுண்ணாம்பிலே நிறங்கெடாது, அமிலத்திலே வெளுக்கும். காரணங் கூறுக.
6. முன்பு அரிதாயிருந்து இப்போது எளிதாகி, அதனால் மதிப்பிழந்த பொருள் ஒன்றை உம் வீட்டிலே தேடி, அதன் வரலாற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதுக.